1987 என்பது 1987 அன்று: ஒரு காலநிர்ணயம்

பழைய வால்வு கிதார் ஆம்ப் ஒன்றையும் அதற்கேற்ற ஸ்பீக்கர் கேபினட் ஒன்றையும் வாங்குவது எப்படி என்பதே இவ்வாய்வின் பொருள். இத்துறையில் இதுவரை யாரும் முறையாக ஆராயவில்லை என்று, எல்லா ஆய்வேடுகளையும் போலவே இதுவும் தொடங்குகிறது. நெறியாளருக்கு எழுதிய மூன்று பக்க நன்றியுரை இடமின்மையால் நீக்கப்பட்டது. ஆய்வேட்டிலேயே அதிகம் உழைத்து எழுதிய பகுதி அதுதான்.

ஆய்வுக்களம் மேற்கு லண்டன். ஈலிங் அம்மன் கோயில் தேருக்குப் போகிறவர்கள் அறிந்த அக்ஸ்பிரிட்ஜ் சாலையில் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் ஹான்வெல். அங்கே ஜிம் மார்ஷல் என்ற டிரம் வாத்தியார் 1960இல் கடை திறந்தார். கடைக்கு வந்துபோன கிதார்க்காரப் பையன்கள் தங்களுக்குப் பிடித்த மாதிரி ஆம்ப் கிடைக்கவில்லை என்று புலம்பப் புலம்ப, 1962இல் முதல் மார்ஷல் ஆம்ப் பிறந்தது. அமெரிக்காவின் ஃபெண்டர் பேஸ்மேன் சுற்றைப் பார்த்துச் செய்தது அது. பேஸ்மேனோ பேஸ் கிதாருக்காகப் பிறந்து, சாதாரண கிதாருக்கு வாழ்க்கைப்பட்டது. நன்னூலார் முதல்நூல், வழிநூல் என்று பிரித்தது இங்கே அப்படியே பொருந்தும். வழிநூல்தான் அதிகம் சத்தம் போடும் என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டார்.

இனி காலநிர்ணயம். நான் பார்த்த விளம்பரத்தில் “1987 மார்ஷல் ஹெட், 1960 கேபினட்” என்று இருந்தது. இருபத்தேழு ஆண்டு வயது வித்தியாசத்தில் ஒரு ஜோடியா என்று யோசித்தபடியே போனேன். போனால் இரண்டும் ஆண்டே அல்ல, மாதிரி எண்கள் (விற்றவர், வாய்மொழி). 1987 என்பது 50 வாட் ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப். 1960 என்பது பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் நான்கு வைத்த பெட்டி. 100 வாட் ஹெட்டின் எண் 1959. அது 1959இல் செய்ததன்று, அப்போது மார்ஷலிடம் கடையே கிடையாது. 1962 என்ற எண்ணில், ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள ஒரு காம்போவும் உண்டு. அதுவும் 1962இல் வந்ததன்று. கம்பெனி முதல் ஆம்ப் செய்த ஆண்டு மட்டும் உண்மையிலேயே 1962. எண்களெல்லாம் விலைப்பட்டியலில் வரிசையாக விழுந்தவை. ஆராய்ச்சியாளர் வந்து ஏமாறுவார் என்று யாரும் நினைத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

இவ்விடத்தில் நான் கண்டுபிடித்த ‘சராசரி முறை’யை அறிஞர் உலகின் முன் வைக்கிறேன். ஹெட்டின் எண் 1987, பெட்டியின் எண் 1960. கூட்டி இரண்டால் வகுத்தால் 1973½. ஹெட்டின் முதுகில் வரிசை எண்ணின் வாலில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தது. அன்றைய மார்ஷல் கணக்கில் அது 1973ஐக் குறிக்கும். அரை ஆண்டு மிச்சத்தை டெலிவரித் தாமதம் என்று கொள்க. இதே முறையை 1959 ஹெட்டுக்கும் 1960 பெட்டிக்கும் போட்டுப் பார்த்தால் 1959½ வருகிறது, அது அபத்தம். அதற்குப் புறனடை வகுத்தாயிற்று. பொருந்துமிடத்தில் விதி, பொருந்தாத இடத்தில் புறனடை. சங்க காலத்தை ஐந்நூறு ஆண்டு முன்னே தள்ளுகிறவரும் பின்னே இழுக்கிறவரும் ஒரே மேசையில் மதியச் சோறு உண்பது இந்த ஏற்பாட்டால்தான்.

அடுத்தது மூலபாடம். விற்றவர் தன் கராஜில் பின்பலகையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே எதையும் மாற்றவில்லை, எல்லாம் அசல் என்றார் (விற்றவர், அதே வாய், பத்து நிமிடம் கழித்து). நான் கைக்குட்டையை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். தூசியும் அசலாம். குனிந்து பார்த்தேன். மேலே பஞ்சு போல ஒரு படலம், அதன் கீழே பழுப்பாக ஒட்டும் ஒரு படலம், சிகரெட் புகைதான். அதற்கும் கீழே டிரான்ஸ்ஃபார்மர் மூலையில் ஒரு செத்த சிலந்தி. அகழாய்வுக் குழியைப் போல ஒவ்வொரு அடுக்குக்கும் சீட்டு எழுதி ஒட்டலாம். சிலந்தி மூலத்தைச் சேர்ந்ததா, பிற்சேர்க்கையா என்பது தனி ஆய்வு. நிதி உதவி எதிர்பார்க்கப்படுகிறது.

ஆனால் ஒன்று. ஐம்பது ஆண்டான எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் உள்ளே வறண்டுபோயிருக்கும். ஆம்ப் உம்மென்று இரையும், ஒருநாள் வெடிக்கவும் செய்யும். மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றினால் “அசல்” போச்சு என்று விலையில் கழிக்கிறார்கள். பிழையென்று தெரிந்தும் ஏட்டில் உள்ளபடியே பதிப்பித்துவிட்டு அடிக்குறிப்பில் அழுகிற பதிப்பாசிரியர் நினைவுக்கு வந்தார். ஏட்டுப் பிழை ஆளைக் கொல்லாது. இதிலோ 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் தங்கியிருக்கும். தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். இந்தப் பத்தி மட்டும் போலியன்று.

பெட்டியின் உள்ளே செலஸ்டியன் ஸ்பீக்கர் நான்கு. ஒவ்வொன்றின் உலோகச் சட்டத்திலும் செய்த நாள், மாதம், ஆண்டு குறியீடாகப் பொறித்திருக்கும். மூன்று ஒத்துப்போயின. நான்காவது இடைச்செருகல் (விற்றவர், மூன்றாம் தேநீருக்குப் பின், கண்ணைப் பார்க்காமல், கராஜ் கதவோரப் பதிப்பு). நூற்றைம்பது பவுண்டு குறைத்தார்.

பெட்டியின் மேற்பாதி பின்னால் சாய்ந்திருப்பதற்கு ஒலிபரவல் கோட்பாடுகள் பல உண்டு. மேலே வைக்கும் சின்ன ஹெட்டோடு பார்க்க அழகாகப் பொருந்தட்டும் என்று சாய்த்ததாகச் செய்தவரே சொல்லியிருக்கிறார். ஆசிரியரின் கூற்றை ஆய்வில் ஏற்பதில்லை.

பெட்டியின் முகப்புத் துணி: உண்டு.

எடை: ஏறக்குறைய 36 கிலோ. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் ஒரே பெட்டியில் எட்டு ஸ்பீக்கர் கேட்டு வாங்கினார். தூக்கியவர்கள் போர்க்கொடி பிடிக்கவே அதை இரண்டாக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். மேடைகளில் நாம் பார்க்கும் அடுக்கு அப்படி வந்தது. ஆக, ராக் இசையின் தோற்றத்தைத் தீர்மானித்தது இடுப்புவலி என்பது பெற்றாம். எங்கள் வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. “இதை எங்கையப்பா வைக்கிறது?” (மனைவி, ‘எங்கை வைக்கிறது’ என்னும் பெருநூல், தொகுதி 3, படிக்கட்டுக் காண்டம், திருத்திய மறுபதிப்பு, அணிந்துரை மாமியார்).

ஒலி: இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஹெட் மாடியில் இருக்கிறது, பெட்டி கீழே படிக்கட்டடியில் இருக்கிறது. ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்பை வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகக்கூடும். ஆகவே இன்றுவரை நான் சுவிட்சைத் தொடவில்லை.

வாசகர்களில் தோள் பலமுள்ள இருவர் வரும் சனிக்கிழமை காலை வந்தால் நன்று. மத்தியானம் இடியப்பமும் சொதியும் உண்டு. தூசியைத் துடைத்துவிட வேண்டாம்.