மொட்டைமாடி பஸ்ஸில் நீஸ்: கேள்வி-பதில்

கே: பிரான்ஸ் என்றால் பாரிஸ். நடுவில் நீஸ் எதற்கு? – திருச்சி வாசகர்

ப: பாரிஸில் ஈஃபில் கோபுரம் இருக்கிறது. கடல் இருக்கிறதா? நீஸில் முன்னால் மத்தியதரைக் கடல், முதுகுக்குப் பின்னால் ஆல்ப்ஸ் மலைக்குப் படி வைத்த குன்றுகள், கரையோரமாக 7 கிலோமீட்டருக்கு நடைபாதை. பாரிஸ்காரர்களே லீவு விட்டதும் அங்கேதான் ஓடுகிறார்கள்.

கே: 'ஹாப் ஆன் ஹாப் ஆஃப்' பஸ் என்கிறார்களே, நம் டவுன் பஸ்ஸுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? – ஈரோடு வாசகர்

ப: டவுன் பஸ்ஸில் இறங்கினால் டிக்கெட் காலி. இதில் ஒரு நாள் டிக்கெட் எடுத்தால் அது நாள் முழுக்கச் செல்லும். எந்த நிறுத்தத்திலும் இறங்கலாம், பார்க்கலாம், பின்னால் வரும் வண்டியில் ஏறலாம். மேல்தளத்துக்குக் கூரை கிடையாது. காதுக்கு ஒரு ஹெட்போன், அதில் ஊர்க்கதை. இந்த வியாபாரத்தைச் சிவப்பு பஸ்ஸில் ஏற்றி ஊர் ஊராகப் பரப்பிய நிறுவனம் 1999இல் ஸ்பெயினின் செவில் நகரில் பிறந்தது. உட்கார்ந்தபடி ஊர் பார்க்கும் ஆசை மட்டும் அதைவிட ரொம்பப் பழசு.

கே: ஆளுக்கு இவ்வளவு யூரோ கொடுத்து அதில் ஏறுவது வீண்செலவுதானே? – கோவை ஆடிட்டர்

ப: காலை முதல் மாலை வரை இறங்காமல் உட்கார்ந்திருந்தால் வீண்செலவு. நாலு இடத்தில் இறங்கி நடந்தால் வரவு. நல்ல முழங்கால் உள்ள வாலிபருக்கு ட்ராமும் சாதாரண பஸ்ஸுமே போதும், பாதிக் காசு மிச்சம். கூட மாமியார் வருகிறார் என்றால் மாடி பஸ்தான். குன்றின்மேல் இருக்கும் சிமியே பகுதிக்கு அவரை நடத்திக் கூட்டிப்போய்விட்டு அப்புறம் வீட்டில் நிம்மதியாக இருக்க முடியுமா, சார்?

கே: ஒரு நாள் டிக்கெட் வாங்குவதா, இரண்டு நாளுக்கா? பிள்ளைகளோடு போகிறோம். – பாரிஸ் லா ஷப்பேலிலிருந்து ஒரு யாழ்ப்பாணத் தமிழர்

ப: அதிவேக ரயிலிலேயே ஆறு மணி நேரத்துக்குக் கிட்ட உட்கார்ந்து வருகிறீர்கள், அண்ணை. இரண்டு நாளுக்கே எடுங்கள். முதல் சுற்று இறங்காமல் ஒரு வட்டம் அடியுங்கள், பிடித்த இடங்களை வரைபடத்தில் பிள்ளைகள் குறிக்கட்டும். இரண்டாம் சுற்றிலிருந்து அவர்கள் குறித்த இடத்தில் மட்டும் இறங்குங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தால் சிணுங்குவார்கள், அவர்கள் தேர்ந்தெடுத்தால் நடப்பார்கள்.

கே: மேல்தளத்தில் எந்தப் பக்கம் இடம் பிடிக்க வேண்டும்? – விருதுநகர் வாசகி

ப: விமான நிலையத் திசையிலிருந்து பழைய ஊரை நோக்கிப் போகும்போது வலப்பக்கம். கடல் தெற்கே இருக்கிறது, வண்டி கிழக்கே போகிறது, பிரான்சில் வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன. ஆக, தண்ணீருக்கும் உங்களுக்கும் நடுவே நடைபாதை மட்டும்தான். ஆனால் கடல் எந்தப் பக்கமோ வெயிலும் அந்தப் பக்கம். தொப்பி அவசியம், அதற்குத் தாடைக்கயிறு அதைவிட அவசியம்.

கே: மேல்தளத்தில் நீளமான பட்டு ஸ்கார்ஃப் பறக்க ஒரு ரீல்ஸ் எடுக்க ஆசை, அங்கிள். – மதுரை கல்லூரி மாணவி

ப: எடும்மா. எடுத்து முடித்ததும் மடித்துப் பைக்குள் வை. 1927 செப்டம்பர் 14 இரவு, இதே கடற்கரைச் சாலையில், நடன மேதை இசடோரா டங்கன் ஒரு திறந்த காரில் ஏறிக் கிளம்பினார். கழுத்தில் சுற்றியிருந்த நீளப் பட்டு பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. உலகமே கொண்டாடிய உயிர் அங்கேயே போயிற்று. மாடி பஸ்ஸில் சக்கரம் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. மரக்கிளை எட்டும் தூரத்தில் இருக்கிறது.

கே: கோட்டைக் குன்று என்று சொன்னதை நம்பி இறங்கினேன். சுற்றிச் சுற்றி வந்தும் கோட்டையைக் காணோம். பஸ்காரர் ஏமாற்றிவிட்டாரா? – வேலூர் வாசகர்

ப: பஸ்காரர் பாவம். ஆள் பதினான்காம் லூயி. அப்போது நீஸ் பிரான்சைச் சேர்ந்ததல்ல, சவாய் பிரபுக்களின் ஊர். முற்றுகையிட்டுப் பிடித்தவர், மறுபடி யாரும் உள்ளே உட்கார்ந்து எதிர்க்கக் கூடாதென்று 1706இல் கோட்டையைத் தரைமட்டமாக்கச் சொன்னார். வேலூரில் கோட்டையையும் அகழியையும் தினம் பார்த்து வளர்ந்தவருக்கு ஏமாற்றம் இருக்கத்தான் செய்யும். ஆனால் குன்று 92 மீட்டர் உயரத்தில் அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் லிம்ப்பியா துறைமுகம், மறுபக்கம் பழைய ஊரின் ஓட்டுக் கூரைகள், அதைத் தாண்டி வில்லாக வளையும் கடற்கரை. மேலே போக லிஃப்ட் உண்டு, இலவசம். ஏற லிஃப்ட், இறங்கப் படிக்கட்டு: இதுதான் முழங்காலுக்கு நான் எழுதித்தரும் மருந்துச்சீட்டு.

கே: மதியம் சரியாகப் பன்னிரண்டுக்கு 'டமால்' என்று ஒரு சத்தம். பஸ்ஸில் பாதிப்பேர் பதறிவிட்டோம். என்ன அது? – நெய்வேலி வாசகர்

ப: சாப்பாட்டு மணி! 1860களில் இங்கே குளிர்காலத்தைக் கழிக்க வந்த தாமஸ் கவன்ட்ரி என்ற ஸ்காட்லாந்துக்காரரின் மனைவி, காலையில் உலாவப் போனால் பேச்சுச் சுவாரஸ்யத்தில் மதியச் சாப்பாட்டை மறந்துவிடுவாராம். மனிதர் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. குன்றின்மேல் பீரங்கி வெடிக்க ஏற்பாடு செய்துவிட்டார் என்பது ஊர்க்கதை. இப்போது பீரங்கிக்குப் பதில் வாணவெடி. மனைவியைக் கூப்பிட்டவர் ஒருவர், ஊரே இன்றுவரை சாப்பிடப் போகிறது.

கே: கடற்கரை நடைபாதைக்கு ஆங்கிலேயர் பெயர் ஏன்? பிரெஞ்சுக்காரர்களுக்கு ரோஷம் வராதா? – காரைக்குடி வாசகர்

ப: காசு போட்டவர் பெயரைக் கல்வெட்டில் பொறிப்பது காரைக்குடிக்காரருக்குத் தெரியாதா? லண்டன் குளிருக்குப் பயந்து இங்கே தங்க வந்த ஆங்கிலேயர்கள், லூயிஸ் வே என்ற பாதிரியாரின் முயற்சியில் 1820களில் கடலோரமாக ஒரு பாதை போட்டார்கள். ஒரு கடுங்குளிரில் பிழைப்பிழந்து நின்ற உள்ளூர் ஏழைகளுக்குக் கூலி வேலையாயிற்று, தங்களுக்கு மாலை உலாவ வழியாயிற்று. பாதை போட்டபோது அது பிரெஞ்சு ஊரே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1860இல்தான் நிலையாக வந்தார்கள். வருவதற்குள் பெயர் ஒட்டிவிட்டது.

கே: எங்கள் கடற்கரைச் சாலையைப் பார்த்தவனுக்கு நீஸ் என்ன புதுசு? – புதுச்சேரி வாசகர்

ப: நீளத்தில் நீஸ் ஜெயிக்கும். நாகரிகத்தில் நீங்கள். மாலை 6 மணியானால் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சாலையை மனிதர்களின் கையில் கொடுக்கும் புத்தி உங்கள் ஊருக்கு இருக்கிறது. நீஸில் நடைபாதைக்குப் பக்கத்திலேயே கார்கள் ஓயாமல் ஓடுகின்றன. நான் மேயரானால் முதல் கையெழுத்து அந்தக் காரியத்துக்குத்தான். ஒன்றை மட்டும் நீங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்: கடலைப் பார்த்தபடி வரிசையாகப் போட்ட நீல நாற்காலிகள். யார் வேண்டுமானாலும் உட்காரலாம், எழுந்திரு என்று யாரும் சொல்வதில்லை.

கே: பீச் என்கிறார்கள், மணலையே காணோமே! – மெரினா பக்கத்து வாசகர்

ப: கூழாங்கல் கரை. உள்ளங்கையளவு, சாம்பல் நிறம், அலை தேய்த்துத் தேய்த்து உருட்டிய கல். அலை திரும்பும்போது ஆயிரம் கல் சேர்ந்து 'கலகல'வென்று உருளும், அந்தச் சத்தத்துக்கே ஒரு நிறுத்தம் இறங்கலாம். மணல் கலங்காததால் தண்ணீர் தெளிவு. ஆனால் கவனம்: நாலு எட்டு வைத்ததும் தரை சட்டென்று இறங்கிவிடும். குழந்தை கையை விடாதீர்கள். ரப்பர் செருப்போடு தண்ணீரில் இறங்குங்கள். வெறுங்கால் வீரம் மெரினாவோடு போகட்டும்.

கே: கடலில் குளிக்கக் காசு கேட்கிறார்களாமே, அநியாயம் இல்லையா? – தூத்துக்குடி வாசகர்

ப: கடலுக்கு டிக்கெட் இல்லை. மெத்தைக்கும் குடைக்கும்தான். வரிசைக் குடைகளைப் பார்த்து மிரளாமல் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் பொதுக்கரை வரும், அது இலவசம். அதே கடல், அதே கல். முதுகு மட்டும் உங்களுடையது.

கே: நாங்கள் சுத்த சைவம். புளியோதரை கட்டிக்கொண்டு போவதா? – கும்பகோணம் மாமி

ப: கட்டிக்கோங்கோ, மாமி, ராத்திரிக்கு ஆகும். மதியத்துக்கு நீஸில் 'சோக்கா' இருக்கிறது. கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அகலமான செம்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி விறகடுப்புக்குள் தள்ளுவார்கள். ஓரம் கருகி, நடு மெத்தென்று வரும். மேலே மிளகுத்தூள் தூவிக் காகிதத்தில் வைத்துத் தருவார்கள், பஜ்ஜிமாவு தோசையானதுபோல. பழைய ஊரின் சந்துகளில் கிடைக்கும். சூட்டோடு தின்றுவிட வேண்டும், ஆறினால் அட்டை. ஆனால் பெயரைக் கேட்டு நீஸ் சாலட் வாங்கிவிடாதேள். இலைக்கு நடுவே நெத்திலி எட்டிப் பார்க்கும்.

கே: ஓவியம் படிக்கிறேன். எந்த நிறுத்தத்தில் இறங்க? – சென்னை கவின்கலைக் கல்லூரி மாணவர்

ப: தம்பி, முதலில் எந்தக் கிழமை என்று பார். செவ்வாய் என்றால் இறங்காதே, மத்தீஸ், ஷகால் இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் அன்று விடுமுறை.

மற்ற நாளில் முதலில் ஷகால். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1973இல், அவருடைய 86ஆவது பிறந்தநாளன்று திறந்தார்கள். வெளியே குளத்துக்கு மேலே ஒரு மொசைக் சுவர். அதைச் சுவரில் பார்த்துவிட்டுத் தண்ணீரிலும் பார். பிறகு சிமியேயில் மத்தீஸ். அவர் 1917 கடைசியில் வந்தபோது ஓயாத மழை. வெறுத்துப்போய் மூட்டை கட்டும் நேரத்தில் வானம் வெளுத்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்தவர் 1954இல் சாகும்வரை இந்தக் கரையை விடவில்லை. கல்லறையும் சிமியேயில்தான். ஒரு நாள் முன்னால் ரயில் பிடித்திருந்தால் நீ அந்த நிறுத்தத்தில் இறங்க வேலையே இல்லை.

கே: அப்படியானால் திங்கட்கிழமை போகிறேன். பூக்கடைத் தெரு உண்டுதானே? – தோவாளை பூ வியாபாரி

ப: கூர் சலேயா கடைவீதியில் திங்கட்கிழமை பூ இல்லை, பழம்பொருள் சந்தை. பித்தளை விளக்கு, பழைய தபால் அட்டை, யாரோ ஒருவரின் கல்யாணத் தட்டு. உங்களுக்குப் பூதான் முக்கியம் என்றால் புதன்கிழமை போங்கள். கட்டாத பூவை அவர்கள் விற்கும் விலையைக் கேட்டால் கட்டிய பூவை நீங்கள் விற்கும் விலைக்கு வெட்கப்படுவீர்கள்.

கே: சிமியேயில் விக்டோரியா ராணிக்குச் சிலை எதற்கு? – சிதம்பரம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

ப: ராணியம்மா அங்கே தொடர்ந்து சில வருடங்கள் வந்து தங்கினார். அவர் தங்குவதற்குத் தோதாக 1897இல் எக்ஸெல்ஸியர் ரெஜினா என்ற பிரம்மாண்ட ஹோட்டல் எழும்பியது. பிற்காலத்தில் மத்தீஸும் அதே கட்டடத்தில் குடியிருந்தார்.

உங்கள் வரலாற்று வகுப்புக்கு இன்னொரு செய்தி, ஐயா. அதே 1897 பயணத்துக்கு ராணி தன் இந்திய முன்ஷி அப்துல் கரீமையும் கூட்டிப்போக நினைத்தார். அவரோடு சமமாகச் சாப்பிட மாட்டோம், அவர் வந்தால் நாங்கள் ராஜினாமா என்று அரண்மனைப் பரிவாரம் கிளம்பியது. ராணி சீறினார். முன்ஷி சிமியேக்கு வந்தார். ராஜினாமாக் கடிதம்தான் வரவில்லை.

கே: பிரெஞ்சு ஊரில் ரஷ்யக் கோயில் கோபுரம் எப்படி முளைத்தது? – நாகர்கோவில் வாசகர்

ப: துக்கத்தில் முளைத்தது. ரஷ்யப் பட்டத்து இளவரசர் நிக்கொலாய் 1865இல் நீஸில் நோயில் இறந்தார், வயது 21. அந்த இடத்துக்கு அருகிலேயே கட்டிய தேவாலயம் 1912இல் திறக்கப்பட்டது. வெங்காயக் குமிழ்க் கோபுரங்களும் வண்ண ஓடுகளும் மாடி பஸ்ஸிலிருந்தே தெரியும், இருந்தாலும் இறங்குங்கள். ஐந்தே வருடத்தில் ஜார் ஆட்சியே போயிற்று. ஜார் கொடுத்த பணத்தில் எழுந்த கோயில் இருக்கிறது.

கே: இளஞ்சிவப்புக் குவிமாடத்தோடு ஒரு ஹோட்டல் தெரிகிறதே, அதில் ஒரு காபி குடிக்கலாமா? – நாமக்கல் வாசகர்

ப: நெக்ரெஸ்கோ. கட்டியவர் புக்கரெஸ்டில் பிறந்து, உணவக வேலையில் படிப்படியாக மேலே வந்த ஆன்ரி நெக்ரெஸ்கோ. 1913இல் கோலாகலமாகத் திறந்தார். மறு வருடமே உலகப்போர். ஹோட்டல் ராணுவ ஆஸ்பத்திரியானது, மனிதர் நொடித்துப்போய் 1920இல் இறந்தார். காபி குடியுங்கள், சார், விலைப்பட்டியலை முதலில் பாருங்கள். வாசலில் நின்று அந்தக் குவிமாடத்தை அண்ணாந்து பார்க்க யாரும் பில் போடுவதில்லை.

கே: நீஸ்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களா, இத்தாலியர்களா? – சேலம் வாசகர்

ப: 1860 வாக்கெடுப்பில் பிரான்ஸ் என்றார்கள். 1807இல் அதே ஊரில் பிறந்த கரிபால்டி அதைக் கேட்டுக் கொதித்தார். இத்தாலியை ஒன்றுசேர்க்கப் போராடியவருக்குச் சொந்த ஊரே கைநழுவியது. ஊர் அவர் பெயரில் ஒரு சதுக்கம் வைத்து மரியாதை செய்கிறது. கொதித்தவருக்குச் சிலை, கேட்டவருக்கு ஊர்!

கே: ஜூலையில் போகலாமா? – திருநெல்வேலி வாசகர்

ப: மேல்தளத்தில் உட்கார்ந்து வறுபட ஜூலை எதற்கு, திருநெல்வேலி போதாதா? நீஸே குளிர்கால விருந்தாளிகளுக்காக வளர்ந்த ஊர். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் குளிர்கால உல்லாச நகரம் என்ற பெருமைக்காகத்தான். பிப்ரவரியில் கார்னிவல், பூ ஊர்வலம். மே, ஜூன் முதல் பாதி எனக்குப் பிடித்தது. கடல் நீலம், கூட்டம் கொஞ்சம்.

கே: 2016இல் அங்கே நடந்தது நினைவிருக்கிறது. போக மனசு வருமா? – தஞ்சாவூர் வாசகி

ப: வரணும்மா. ஜூலை 14, வாணவேடிக்கை பார்க்கக் குழந்தைகளோடு கூடியிருந்தவர்கள்மீது லாரியை ஏற்றினான் ஒருவன். 86 பேர் போனார்கள். இப்போது சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே இரும்புத் தடுப்பு. மசேனா மாளிகைத் தோட்டத்தில் நினைவிடம். அங்கே இறங்கி ஒரு நிமிடம் நின்றுவிட்டு, நடைபாதையில் நடங்கள். அந்த ஊரார் மறுபடி தங்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறார்கள். நாம் வராமல் இருந்தால் எப்படி?

கே: சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் மேல்தளத்திலிருந்து ஊர் பார்க்க ஆசை. – திண்டுக்கல் வாசகர்

ப: சுற்று பஸ்ஸுக்குச் சாயங்காலமே வீட்டு ஞாபகம் வந்துவிடும். கடைசி வண்டி எத்தனை மணிக்கென்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விளக்குக்கு மசேனா சதுக்கம் போங்கள். உயரமான கம்பங்களின் உச்சியில் ஏழு மனித உருவங்கள் உட்கார்ந்திருக்கும், இருட்டியதும் ஒவ்வொன்றும் நிறம் மாறி ஒளிரும். ஸ்பெயினின் ஜாவுமே ப்ளென்சா செய்தவை. கீழே ட்ராம் ஓடும், தலைக்குமேல் ஒரு மின்கம்பி கிடையாது, அந்த இடத்தைப் பேட்டரியில் கடக்கும்படி 2007இல் அமைத்தார்கள். சதுக்கத்தின் வானத்தைக் கம்பியால் கிழிக்க மனம் வராத எஞ்சினியர்களுக்கு என் வணக்கம்.

கே: சாப்பிட்டுவிட்டு ஏறினால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். இறங்கும் இடத்தைத் தவறவிட்டால்? – மன்னார்குடி வாசகர்

ப: வட்டமடிக்கும் பஸ், சார். கண்ணைத் திறக்கும்போது மறுபடி அங்கேயே இருப்பீர்கள்.