சேதாரம் போக எஞ்சிய மரியாதையுடன்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
'பழைய தங்கத்துக்கு உடனடிப் பணம்' பிரிவு,
புதுச்சேரி.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

மேலே உள்ள 'பெருமதிப்பில்' பதினெட்டு சதவீதம் சேதாரம் கழித்துக்கொள்ளவும். உங்கள் கடையில் கற்ற பாடம்தான். வாங்க வந்தாலும் சேதாரம், விற்க வந்தாலும் சேதாரம் என்று இரண்டு பக்கமும் கூர் வைத்த கத்தியை இவ்வளவு பணிவாகச் சிரித்துக்கொண்டே பிடிக்க உங்களால் மட்டுமே முடியும்.

போன வாரம் என் அத்தையை அழைத்துக்கொண்டு குயிலாப்பாளையத்திலிருந்து வந்தவன் நான். நினைவிருக்காது. அத்தைக்கு ஊர் மரக்காணம். உப்பளத்தில் வாரி, சுமந்து, காலம் கழித்தவர். மழை மாதங்களில் பாத்தியில் தண்ணீர் நிற்கும், வேலை நிற்கும். அரசு கொடுக்கும் ஐயாயிரம் ரூபாய் மழைக்கால நிவாரணத்தில் அடுப்பு எரியும். ஆஸ்பத்திரிச் செலவு நடக்காது. அதனால்தான் ஒரு சங்கிலி, ஒரு ஜோடி கல் தோடு, முந்தானையில் முடிந்த ஒரு வெள்ளி ரூபாய் என்று விற்கக் கொண்டுவந்தோம்.

தங்கம் மொத்தம் பதினாறு கிராம், அதாவது இரண்டு பவுன். எடை போட்டது உங்கள் தராசுதான். பிறகு தொடங்கியது உங்கள் கச்சேரி. கல்லுக்குக் கழிவு. கல்லுக்கு அடியில் இருக்கும் அரக்குக்குக் கழிவு. பற்றாசுக்குக் கழிவு. "அழுக்கு இருக்கும்மா" என்று அதற்கும் கழிவு. உப்பளத்துக்காரி கழுத்தில் அழுக்கு இல்லாமல் பன்னீரா இருக்கும்? உருக்கிப் பார்த்தால் டச், அதாவது சுத்தம், நூற்றுக்கு 84தான் என்றார்கள். பதினாறு கிராமாக உள்ளே போனது, பன்னிரண்டு கிராமுக்கும் குறைவான சுத்தத் தங்கமாக வெளியே வந்தது. அந்தத் தோட்டை விற்ற நாளில் அதே கல்லைத் தங்கத்தோடு சேர்த்து எடை போட்டுத் தங்க விலையே வாங்கினார்கள். அன்று தங்கமாக இருந்தது இன்று எப்படிக் கல்லானது என்று கேட்கமாட்டேன். அகலிகை கதை நடந்த நாடு இது.

அந்தக் காலத்தில் காட்மியம் பற்றாசு வைத்த நகையை 'கேடிஎம்' என்று சொல்லிப் பெருமையாகத் தலையில் கட்டியதும் உங்கள் தொழில்தான், இன்று "கேடிஎம்மா?" என்று முகம் சுளிப்பதும் உங்கள் தொழில்தான். ஹால்மார்க் எங்கே என்று உங்கள் கடைப் பையன் கேட்டான். இந்தியாவில் தங்கத்துக்கு ஹால்மார்க் வந்ததே 2000-இல். ஆறு எழுத்து அடையாள எண் இல்லாமல் கடைக்காரர் நகை விற்கக் கூடாது என்று ஆனது 2023 ஏப்ரலில். அத்தைக்குக் கல்யாணம் ஆனபோது ஹால்மார்க் என்றால் ஆசாரியின் முகம்தான்.

வெள்ளி ரூபாய்க்கு வருவோம். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1918-ஆம் வருடத்து ரூபாய். எடை 11.66 கிராம், வெள்ளி கிட்டத்தட்ட 91.7 சதவீதம் என்று நாணயம் சேர்ப்பவர் எவரும் தூக்கத்தில் சொல்வார். உங்கள் பையன் அதைச் சுண்டிப் பார்த்து, "எழுபது டச் போடலாம்" என்றான். வேதாரண்யத்தில் ராஜாஜிகூட உப்பில்தான் கை வைத்தார். பிரிட்டிஷ் சர்க்கார் நாணயச்சாலைக்கே சேதாரம் போட்ட வீரர் நீங்கள்.

இந்தக் கரைக்குத் தங்கமும் வெள்ளியும் புதிதல்ல ஐயா. உங்கள் கடைக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி ரோமானிய வணிகத்தின் தடயங்களை வெளியே எடுத்தார். 'பெரிப்ளஸ்' என்ற பழைய கிரேக்கக் கடற்பயண நூல் சொல்லும் சோபட்மா துறைமுகம் எங்கள் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசை இந்தியா உறிஞ்சுகிறது என்று ரோமில் பிளினி புலம்பினார். யவனர்கள் அந்தக் காசையெல்லாம் உங்கள் கவுன்டரில் கொட்டியிருந்தால் சேதாரம் போக மிச்சம் கப்பல் கூலிக்கே காணாது. வாங்கிய மிளகையும் போட்டுவிட்டு நீந்தியே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

எனக்கு இப்போது ஒரே கவலை ஆரோவில்லில் இருக்கும் மாத்ரிமந்திரைப் பற்றித்தான். அந்தப் பொன் உருண்டையின் தகடுகளில் தங்கத்தாள் கண்ணாடிக்கு நடுவே பதிந்திருக்கிறது. என்றைக்காவது உங்கள் பையன் அந்தப் பக்கம் சுற்றுலா வந்தால், அண்ணாந்து பார்த்து, "கண்ணாடிக்குக் கழிக்கணும் சார்" என்பான். தயவுசெய்து அவனை விடுமுறையில் வேறு திசைக்கு அனுப்பவும்.

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு வெள்ளைக்காரர் பழைய சுவிஸ் கைக்கடிகாரம் விற்க வந்தார். அவருக்கு நாற்காலி, காபி, மேல்மாடி. "கீறல் இருந்தால்தான் சார் மதிப்பு" என்று படியேறும்போதே அவரிடம் சொன்னீர்கள். அவர் மேல் எனக்குக் குறை இல்லை, நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவர் கடிகாரத்தின் தேய்மானம் மதிப்பு, அத்தையின் தோட்டின் தேய்மானம் கழிவு. அவரிடம் பில் கேட்கவில்லை. அத்தையிடம் கேட்டீர்கள். கேளுங்கள், திருட்டு நகை வாங்கக் கூடாதுதான். ஆனால் "இது எங்கேயிருந்து எடுத்த?" என்று, எழுபது வயதுக்காரியை, கூட்டத்துக்கு நடுவில், ஒருமையில்? மாதச் சீட்டுக் கட்டி உங்களைப் போன்ற கடையில்தான் அத்தை வாங்கினார். விலை பிடிக்கவில்லை, திருப்பிக் கொடுங்கள் என்றபோது உங்களிடம் திருப்பித் தர நகை இல்லை, ஒரு கட்டிதான் இருந்தது. உருக்கிய பிறகு விலை சொல்வது வியாபாரம் இல்லை, வழிப்பறி.

மன்னிக்கவும். உணர்ச்சியிலும் கொஞ்சம் சேதாரம் கழிக்க மறந்துவிட்டேன்.

'உடனடிப் பணம்' என்பதையும் பாராட்டாமல் இருக்க முடியாது. பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வருமான வரிக் கணக்கில் உங்களுக்கு இடிக்கும், எனவே வங்கிக்கு அனுப்புவீர்கள். நியாயம். அதைப் பலகையில் எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது. நடிகையின் படத்துக்கு இடம் போதியிருக்கிறது.

கழிவு என்று நீங்கள் கழிப்பதெல்லாம் உண்மையில் எங்கே போகிறது? கோவையில் பட்டறைத் தெருவின் சாக்கடை மண்ணை அலசித் தங்கம் எடுத்தே பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். சாக்கடைக்குப் போன தூசிக்கே ஆள் இருக்கும் தொழிலில், நீங்கள் உருக்கும் மூசைக்குள் போனது மட்டும் ஆவியாகிவிட்டது என்று நாங்கள் நம்ப வேண்டும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். உருக்குவதற்கு முன் எடை, கழிவு, டச் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். சம்மதம் கேட்டுவிட்டு அடுப்பை மூட்டுங்கள். வருகிறவர்களுக்கு உட்கார நாற்காலி போடுங்கள்.

இப்படிக்கு,
சேதாரம் போக எஞ்சிய மரியாதையுடன்,
குயிலாப்பாளையத்தான்

நகல்: வாசகர்களுக்கு. அரசு அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் நான்கு நகைகள் வரை இருநூறு ரூபாய்க் கட்டணத்தில் தரம் பார்த்துச் சொல்வார்கள். விற்கக் கிளம்பும் முன் அந்தச் சீட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.