ஐடிலிங் நிற்காத கார் வைத்திருப்பது எப்படி?

பரவை மார்க்கெட்டுக்குக் கத்திரிக்காய் மூட்டை ஏற்றிப்போகிற டி.வி.எஸ். எக்ஸ்எல் கூட ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்ததிலிருந்து மொபெட்டுக்கும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. விளாங்குடியில் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் தொண்ணூறுகளின் மாருதி 800 மட்டும் இன்னமும் காலையில் சோக்கை இழுத்தால்தான் கண் விழிக்கிறது. இதையும் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றியே தீருவது என்று நீங்கள் முடிவு செய்திருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது. மாற்றுவது எப்படி என்பதை எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார். மாற்றிய பிறகு வரும் ஐடிலிங் கோளாறைப் போகவிடாமல் வருஷக்கணக்கில் காப்பாற்றி வைப்பது எப்படி என்பதற்குத்தான் ஆள் இல்லை.

இன்ஜினுக்குத் தீனி மாற்றுவது மதுரைக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது டி.வி.சுந்தரம் அய்யங்கார் கம்பெனி ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ என்று ஒன்றைச் செய்தது. கரியை எரித்து, வரும் வாயுவில் வண்டி ஓட்டினார்கள். கரியிலேயே ஓட்டிய ஊருக்கு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜெக்‌ஷன் எம்மாத்திரம்?

சாமானுக்கும் அலைய வேண்டாம். 796 சிசி, மூன்று சிலிண்டர். 2000 வாக்கில் கம்பெனியே இந்தக் காருக்கு எம்.பி.எஃப்.ஐ. போட்டு, அந்த நான்கு எழுத்தைப் பின்கதவில் பட்டப்படிப்பு மாதிரி ஒட்டி அனுப்பியது. அடிபட்ட அந்த வண்டிகளின் திராட்டில் பாடி, இன்ஜெக்டர், சென்சார், கம்ப்யூட்டர், டேங்குக்குள் போடும் பம்பு எல்லாம் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். வயரிங்கை மட்டும் நடுவில் வெட்டித் தருவார்கள். “கலரைப் பாத்து ஜாயிண்ட் அடிச்சுக்கங்கண்ணே” என்பதுதான் கேட்லாக். ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்காமல் வேலையை ஆரம்பிப்பது நம் வழக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதால், வழக்கத்தை மீறி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சரி, மாட்டியாயிற்று. வண்டி ஸ்டார்ட் ஆகிறது. பிக்கப் பிரமாதம். ஃபாத்திமா கல்லூரி முன்னால் நெரிசலில் காலை எடுத்ததும் ஆரம்பிக்கிறது: இன்ஜின் 1,800 ஆர்.பி.எம்.முக்கு ஏறுகிறது, 900-க்கு விழுகிறது, மறுபடி ஏறுகிறது. பக்கத்து ஆட்டோக்காரர் நீங்கள் அவரோடு போட்டிக்கு நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்.

இந்த ஆட்டத்துக்குப் பெயர் ‘ஹண்டிங்’. இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் கோளாறு சீக்கிரம் சரியாகிவிடும் அபாயம் உண்டு. அதனால் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

இந்தக் காரின் கம்ப்யூட்டர் காற்றை நேராக அளப்பதில்லை. மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சார் மூலம் பார்த்து, இவ்வளவு காற்று வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, அதற்குத் தக்க பெட்ரோலை விடுகிறது. எங்கோ ஒரு கேஸ்கெட்டிலோ ஹோஸிலோ ‘ஏர் எடுக்கிறது’ என்று வையுங்கள். அழுத்தம் கூடும். காற்று வந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் பெட்ரோலையும் கூட்டும். காற்றும் கூடி, பெட்ரோலும் கூடினால் இன்ஜின் ரேஸ் ஆகும். கம்ப்யூட்டர் ஐடில் வால்வை மூடிப் பார்க்கும். முழுக்க மூடியும் வேகம் குறையாது, ஏனென்றால் காற்று வருவது அந்த வழியாக இல்லை. ஆக்சிலேட்டரில் கால் இல்லை, வேகமோ அதிகம். சரிவில் இறங்குகிற வண்டிதான் இப்படி இருக்கும் என்று முடிவுகட்டி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். வேகம் விழும். இனி அணைந்துவிடும் என்று பயந்து மறுபடி பெட்ரோல் விடும். ஏறும். நிறுத்தும். நீங்கள் நிற்பதென்னவோ திண்டுக்கல் சாலையில், சமதளத்தில்.

கார்ப்பரேட்டர் காலத்திலும் அதே ஹோஸில் அதே கீறல் இருந்திருக்கும். மெக்கானிக் ஸ்லோ ஸ்க்ரூவையும் மிக்சர் ஸ்க்ரூவையும் அரைத் திருகு திருகி அதன்மேல் பாய் விரித்துவிட்டார். புதிதாக வந்தது கோளாறு அல்ல. அதைக் காட்டிக்கொடுக்கிற ஆள்தான்.

இனி கோளாறைக் காப்பாற்றும் முறைகளுக்கு வருவோம். எடுத்த எடுப்பிலேயே ஐடில் வால்வைப் புதிதாக வாங்குங்கள். அது சரியில்லை என்றால் திராட்டில் சென்சார், பிறகு மேப் சென்சார், பிறகு கம்ப்யூட்டர். விலை அதிகமான பொருள்களாகவே பார்த்து மாற்றும் இந்த வரிசையில், ஹோஸ் கிளிப் எப்போதும் கடைசியில் இருக்க வேண்டும். பிரேக் பூஸ்டருக்குப் போகிற தடித்த ஹோஸை யாராவது இடுக்கியால் நசுக்கிப் பார்க்கலாம் என்றால் தடுத்துவிடுங்கள். வண்டி ஐடிலில் இருக்கும்போது ஒவ்வொரு ஹோஸாக ஒரு நிமிஷம் நசுக்கி, எதை நசுக்கினால் ஆட்டம் நிற்கிறது என்று பார்த்தால் கால் மணி நேரத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். மேனிஃபோல்டு ஜாயிண்டில் சோப்புத் தண்ணீர் தெளித்துச் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பதும் அதே மாதிரி ஆபத்தான காரியம்.

அடுத்து, திராட்டில் பாடியில் பெயின்ட் வைத்துச் சீல் அடித்த ஒரு ஸ்க்ரூ இருக்கும். தொடக்கூடாது என்பதற்காகத்தான் சீல். எனவே முதல் வேலையாக அதைத் திருகுங்கள். பட்டாம்பூச்சித் தகடு மயிரிழை திறந்தே நிற்கும். ஆக்சிலேட்டரில் கால் இருப்பதாகச் சென்சார் சொல்லும். ஐடிலைப் பார்த்துக்கொள்ளும் வேலையையே கம்ப்யூட்டர் கைவிட்டுவிடும். ஆக்சிலேட்டர் கேபிளை விறைப்பாக இழுத்துக் கட்டினாலும் இதே பலன், பெயின்ட் கெடாமல்.

கூலண்ட் சென்சாரின் கப்ளரில் பச்சை பூத்திருந்தால் துடைக்காதீர்கள். அந்தச் சென்சார் குளிர்ந்தால் மின்தடை கூடும், சூடானால் குறையும். கப்ளரின் களிம்பு தானும் கொஞ்சம் தடையைச் சேர்க்க, கம்ப்யூட்டர் அதைக் குளிர் என்று படிக்கும். சித்திரை வெயிலில் தார் இளகுகிற விளாங்குடியில் உங்கள் கார் மட்டும் கொடைக்கானலில் நின்றுகொண்டு, கூடுதல் பெட்ரோல் குடித்து, கரும்புகை விடும்.

எர்த் விஷயத்தைச் சொல்லவே வேண்டாம். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரைப் பெயின்ட்டின் மேலேயே முறுக்கினால், ஹெட்லைட் போட்டதும் ஐடில் விழும். ஃபேன் ஓடினால் வண்டியே ஆஃப். “எலெக்ட்ரிகல் ப்ராப்ளம்ணே, நம்ம லைன் இல்ல” என்று மெக்கானிக் சொல்வார். எலெக்ட்ரீஷியன், “இன்ஜின் வேலைண்ணே” என்பார். இருவருக்கும் நடுவில் நீங்கள் டீ சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். கார்ப்பரேட்டருக்குப் பெட்ரோல் அனுப்பிய பழைய பம்பின் அழுத்தம் கொஞ்சம்தான். இன்ஜெக்‌ஷன் பம்பு சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளும். பழைய ரப்பர் ஹோஸையும் பழைய கிளிப்பையும் அப்படியே விட்டால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்; பழைய ரப்பரை அது இன்னும் சீக்கிரம் கெடுக்கும். இன்ஜெக்‌ஷனுக்கென்றே வரும் ஹோஸையும் கிளிப்பையும் வாங்கிப் போடுங்கள். பணம் குறைகிறதா, சீட் கவரைத் தள்ளிப்போடுங்கள்.

இவ்வளவு பாடுபட்டும் சில வீடுகளில் ஐடிலிங் நின்றுவிடுவதுண்டு. யாராவது ஒரு தம்பி ஹோஸை மாற்றி, எர்த்தைச் சுரண்டிக் கட்டி, பேட்டரி நெகட்டிவைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, ஃபேன் ஓடும்வரை அப்படியே விட்டிருப்பார். 850-இல் அசையாமல் நிற்கும். அப்போது ஒரே வழி, காரை விற்றுவிடுவது. அதுவும் சுலபமில்லை. சமயநல்லூரிலிருந்து வந்த ஒருவர் பானெட்டைத் திறந்து, இன்ஜினையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஐடிலிங் அருமையா நிக்குதேண்ணே. கார்ப்பரேட்டர் தானே?”

“இல்லங்க, இன்ஜெக்‌ஷன். மாத்துனது.”

“அய்யய்யோ, அப்ப வேணாம்ணே” என்று மூடினார். “அதுக்கெல்லாம் நம்ம பக்கம் மெக்கானிக் யாரு இருக்கா?”