பெருங்களத்தூருக்கு ஓர் இதழ்

கே: எங்கள் ஊருக்கென்று ஒரு மாத இதழ் தொடங்கப் போகிறோம். ரயில் நிலையத்தில் ஐந்நூறு பேரிடம் கருத்துக் கேட்டால் போதுமா?
- ஒரு வாசகர், பெருங்களத்தூர்

ப: ஐயாயிரம் பேரிடம் கேட்டாலும் கிடைப்பது ஊரின் கருத்தல்ல, மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களின் கருத்து. நிதானமாகப் படிக்க நேரமுள்ள இல்லத்தரசிகளும் ஓய்வு பெற்றவர்களும் தினமும் பிளாட்பாரத்துக்கு வருவதில்லை. எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது என்பதற்கு, நாடு முழுவதும் பத்திரிகை வாசகர்களைக் கணக்கெடுத்த 'இந்தியன் ரீடர்ஷிப் சர்வே 2013' சாட்சி. நாக்பூரில் சுமார் 60,000 பிரதிகள் விற்ற ஹிதவாதா நாளிதழுக்கு அங்கே ஒரு வாசகர்கூட இல்லை, பிசினஸ் லைன் நாளிதழுக்குச் சென்னையைவிட மணிப்பூரில் மூன்று மடங்கு வாசகர்கள் என்றெல்லாம் அதில் வந்திருப்பதாகப் பத்திரிகைகள் கூட்டறிக்கை விட்டன. ஆகவே பழைய பெருங்களத்தூர், புதுப் பெருங்களத்தூர் இரண்டிலும் தெருக்களைக் குலுக்கிப் போட்டு எடுங்கள். எடுத்த தெருவில் ஒவ்வொரு பத்தாவது வீட்டின் கதவையும் தட்டுங்கள். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவாமல், ஞாயிறு மாலை அதே வீட்டுக்குப் போங்கள்.

"இதழ் வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். வாசல்வரை வந்தவர் முகம் வாடக் கூடாதென்று நம்மவர்கள் "கட்டாயம்" என்பார்கள். போன மாதம் என்ன வாங்கினீர்கள், எந்தப் பக்கத்தை முதலில் புரட்டினீர்கள் என்று கேளுங்கள். பிறகு ஒரு மாதிரி இதழைக் கொடுத்து, ஆறு மாதச் சந்தா கேளுங்கள். பணம் நீட்டும் கைதான் பதில். ஆசிரியரின் உள்ளுணர்வே போதாதா என்பீர்கள். எப்படி எழுதுவது என்பதற்குப் போதும்; எதை எழுதுவது என்பதற்குப் போதாது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த ஊரில், குடிநீரா வரியா, எந்த வீட்டுக்கு எது கவலை என்பதை வாசலில் நின்றுதான் அறிய முடியும்.