தொரத்துனது நீயா, அதுவா?

வா கண்ணு, இப்படிக் கட்டல்ல உக்காரு. ஏழு கடல் தாண்டிப் போயிச் சுழிக்காத்தைப் பாத்துட்டு வந்தவன், அருள்புரத்து ஆடிக்காத்துல ரெண்டு நிமிசம் உக்காந்தா ஒண்ணும் கொறைஞ்சு போயிரமாட்டே.

உங்கம்மா ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறா, எம்பையன் அமெரிக்காவுல புயலைத் தொரத்தீட்டு வந்தான்னு. கேட்டவங்க நேரா எங்கிட்ட வர்றாங்க. "ஏனுங்க, தொரத்துனதுல அது எந்தப் பக்கமுங்க போச்சு?"ங்கறாங்க. நா என்னத்தைச் சொல்ல? பல்லடம் பக்கம் வந்தாத் தாக்கல் சொல்றேன்னு சொல்லி வெச்சிருக்கறேன்.

மூணு வருசமாக் கட்டுன சீட்டுப் பணம் பூராத்தையும் கொண்டு போயி அந்த டூர்க்காரன்கிட்டக் குடுத்தியே, பத்து நாள்ல எத்தனை பாத்தே? ஒண்ணா? அதுவும் தூரத்துல, மழைக்குள்ள ஒளிஞ்சுட்டு, ரெண்டு நிமிசமா? மிச்ச ஒம்பது நாளும் வேனுக்குள்ளயே கெடந்து, பெட்ரோல் பங்குல பன்னைத் தின்னுபோட்டு, மானத்தை அண்ணாந்து பாத்துட்டு இருந்திருக்கறே. அட சாமி, அதைத்தான நானு அறுபது வருசமா இங்கயே பண்ணீட்டிருக்கறேன்! மானம் பாத்த காட்டுல சோளம் வெதைச்சவன் பூராவும் மேகத்தைத் தொரத்துனவன்தான். எங்களுக்கு எவனும் வேன் வெக்கலெ, அவ்வளவுதான்.

ஆனா நீ சொன்னதுல ஒண்ணு எனக்கு நல்லாப் புடிச்சுது. மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து ஈரக்காத்து அடியில வருது. ராக்கி மலைப் பக்கமிருந்து காஞ்ச காத்து வருது. அடியில ஒரு தெசை, மேல இன்னொரு தெசை, வேகமும் வேற. கார்த்திகைக்கு உங்கம்மிச்சி ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல பஞ்சை வெச்சுத் திரி உருட்டுவாளே, அப்படி நடுவுல இருக்கற காத்து படுத்த வாக்குல உருளுது. சூட்டுல மேல ஏர்ற காத்து அந்தத் திரியைத் தூக்கி நிமுத்தி வெச்சுருது. அதுல முறுக்கு ஏறித் தரையத் தொட்டா டொர்னடோ. தொடாமயே சுத்தீட்டுப் போயிர்றதுதான் அதிகம்னியே, அது நம்ம ஒரம்பரை மாதிரி. சத்தம் பெருசா இருக்கும், மொய்யி இருக்காது.

லபக்குன்னு ஒரு ஊருன்னே. பேரைக் கேட்டதும் சிரிச்சேன். கண்ணுக்கெட்டுன தூரம் பருத்திக்காடுன்னதும் நிமுந்து உக்காந்தேன். 1970 மே 11ஆந் தேதி ராத்திரி அந்த ஊருக்குள்ள சுழிக்காத்துப் பூந்து 26 பேரு செத்தாங்கன்னே பாரு, அப்பறம் சிரிப்பு வல்லெ. சிகாகோவுல இருந்த ஜப்பான்காரரு ஃபுஜிட்டா வந்து, ஒடைஞ்ச ஊடு ஊடாப் பாத்தாரு. மறு வருசம், 1971ல, பூச்சியத்துல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க்குப் போட ஒரு கணக்குக் குடுத்தாரு. அந்த ஊரு டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்காரங்க அதைச் சீர் பண்ணிக் குடுத்து, 2007ல இருந்து புதுக்கணக்கு நடக்குது.

அதுல ஒரு சூட்சுமம் இருக்குது, கவனிச்சியா? காத்தை அளந்து மார்க்குப் போடறதில்லெ. காத்து போன பொறவு என்னென்னத்தை ஒடைச்சுதுன்னு பாத்துத்தான் மார்க்கு. இந்த வித்தையெல்லாம் எனக்கு அத்துப்படி. நாப்பது வருசம் பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரு. துணியில இருக்கற ஓட்டையைப் பாத்தே, நிட்டிங்ல ஊசி ஒடைஞ்சதா, சாயப்பட்டறையில சிக்கிக் கிழிஞ்சதான்னு சொல்லீருவேன். ஆனா ஓட்டை உளுந்த பொறவு சொல்றதுல துணிக்காரனுக்கு என்ன லாபம்?

வெறுங்காட்டுல எத்தனை சுத்துனாலும் மார்க்கு ஏறாது. 2013 மே 31ல ஓக்லஹாமாவுல எல் ரெனோங்கற ஊர்கிட்ட வந்ததுக்கு அகலமே நாலு கிலோமீட்டருக்கு மேல. அத்தனை பெருசு அந்த நாட்டுல அளந்ததே இல்லெயாம். ரேடார்ல அசுர வேகம் தெரிஞ்சுது. அப்படியும் ஒடைஞ்சதைப் பாத்து மூணுன்னுதான் மார்க்குப் போட்டாங்க. ஆனா அந்த மூணு மார்க்குக் காத்து, டிம் சமாராஸையும் அவரு மகனையும் கூட இருந்த கார்ல் யங்கையும் காரோட அள்ளீட்டுப் போயிருச்சு. அவங்க உன்னாட்டம் போட்டோவுக்கு நின்னவங்க இல்லெ சாமி. காத்து வர்ற வழியில கருவியைக் கொண்டு போயி வெச்சு ஆராஞ்சவங்க. அது பொசுக்குனு தெசை மாறுச்சு, அகலமும் வீங்கிப் போச்சு. படிச்சவங்களுக்கே அந்தக் கதி. நீ செல்போன்ல உன்ற மூஞ்சியும் தெரியோணும், சுழியும் தெரியோணும்னு முதுகைக் காட்டீட்டு நிக்கறே. எருமைக்கே முதுகைக் காட்டாதேன்னு சின்னதுல சொல்லிக் குடுத்தமே, மறந்துட்டியா?

அதனால அப்புச்சி சொல்றதை முடிஞ்சு வெச்சுக்க. எந்தக் கூத்தைப் பாக்கப் போனாலும் மொதல்ல திரும்பி வர்ற தடத்தைப் பாத்து வெச்சுக்கோணும். உங்க வேன்காரனும் அதைத்தான் பண்ணீருக்கறான். நீ மேகத்தைப் பாத்தே, அவன் ரோட்டைப் பாத்தான். நீ குடுத்த காசுல பெருவாரி அந்த ரோட்டைப் பாத்ததுக்குத்தான்.

இன்னொண்ணு. நம்ம ஆர்டரைப் புடுங்கறாங்கன்னு நாள் முச்சூடும் திட்டறமே பங்களாதேசு, அங்க மாணிக்கஞ்ச் பக்கம் 1989 ஏப்ரல் 26ல ஒரு சுழிக்காத்து அடிச்சு 1,300 பேரு வாக்குல செத்துப் போனாங்க. உலகத்துலயே அத்தனை பேரைத் தின்ன சுழிக்காத்து வேற இல்லெங்கறாங்க. அங்க டூரு போட எவனாச்சும் வேன் எடுத்துட்டு வந்தானா? காரு இருக்கறவன் காத்தைத் தொரத்தறான். தகரக் கூரை இருக்கறவனைக் காத்துத் தொரத்துது.

தூரமா எதுக்குப் போகோணும்? 2018 நவம்பர் 16 வெடியக்காலம் கஜாப் புயலு வேதாரண்யத்துப் பக்கம் கரையேறி, தஞ்சாவூரு புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் தென்னைகளைப் பொரட்டிப் போட்டுதே. பெத்த புள்ளையாட்டம் வளத்த தோப்பை ஒரு ராத்திரியில பறிகுடுத்துட்டு நின்னவன்கிட்டப் போயி, "எத்தனை அழகு பாருங்க"ன்னு உன்ற வீடியோவைக் காட்டிப் பாரு. மட்டையிலயே போடுவான், மார்க்கு.

பாக்க வேண்டாம்னு சொல்லலெ. நல்லாப் பாரு. ஆனா உள்ளூர்க் காத்தையும் ஒரு கண்ணு பாரு. பாலக்காட்டுக் கணவாய்ல மலை வழி விட்ட சந்துல பூந்து, ஆடி மாசம் அம்மியத் தூக்கற காத்து நம்முளுது. கேத்தனூரு, உடுமலைப் பக்கம் எத்தனை காத்தாடி சுத்துது! அந்த லபக்குல காத்தாடிக்குன்னே மியூசியம் வெச்சுக் காசு வாங்கறாங்களாமே. நாமளும் ஒரு வேன் போட்டு அமெரிக்காக்காரனைக் கூட்டீட்டு வந்தா என்ன? பன்னு, டீ எல்லாம் நம்ம செலவு. அம்மி பறக்கலீன்னா பாதிக் காசு வாபஸ்.

அட, கேக்க மறந்துட்டேன். சுழிக்காத்துப் படம் போட்டு ஒரு பனியன் வாங்கீட்டு வந்தியே. துவைக்கப் போட்டப்போ லேபிளைத் திருப்பிப் பாத்தேன். ஹோண்டுராசு! பனியன் ஊர்ல பொறந்தவன், அப்புச்சி கட்டிங் மாஸ்டரு, டாலர் குடுத்து ஹோண்டுராசு பனியன் வாங்கீட்டு வந்திருக்கறான். ஊசி விக்கற தெருவுல இருந்து போயி ஊசி வாங்குன கதை. கழுத்து ரிப்பு வேற லூசு. எங்க செக்கிங் டேபிளைத் தாண்டி இருக்காது.

எங்க அதுன்னு தேடறியா? கம்பியில கிளிப்புப் போடாமக் காயப்போட்டிருந்தே. நீ வந்து உக்காந்து வீடியோவைத் தொறந்தியே, அப்பவே அது எந்திரிச்சுப் பறந்துருச்சு. நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். தொரத்தறதுல நீ கெட்டிக்காரனாச்சே, குறுக்க பேசக்கூடாதுன்னு உட்டுட்டேன்.

கெழக்கால வேலி தாண்டியாச்சு. எந்திரி கண்ணு, தொரத்து.