சக்கரதாரி

வண்டி நன்றாயிருக்கிறது, எஞ்சின் நன்றாயிருக்கிறது, இருக்கையின் தோல்கூடப் பரவாயில்லை, ‘ஆனா இந்த ரிம் மட்டும்…’ என்று அவர் வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்ளும் அந்த க்ஷணத்தில், வீட்டிலுள்ள பெண்மணிகள் சமையலறைக்கும், குழந்தைகள் மொட்டை மாடிக்கும், விஷயம் தெரிந்த ஆண்பிள்ளைகள் சவுக்குத் தோப்புக்கும் கலைந்து போய்விட, முழங்கால் வலியுள்ள என்னைப் போன்ற ஒருவன் மட்டும் திண்ணையில் அகப்பட்டுக்கொள்கிறான். இவர் தனி மனிதரல்லர். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் முட்டுக்காட்டுப் பாலத்திலிருந்து மாமல்லபுரம் வரை, சிற்றுண்டி என்ற வியாஜத்தில் வரிசையாகப் போய், கடலையும் பாராமல் கோயிலையும் பாராமல் ஒருவர் வண்டியின் சக்கரத்தை மற்றவர் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்புகிற ஒரு பெரிய கூட்டத்தின் பிரதிநிதி. என் மனைவியின் தம்பியை மனத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன் என்று யாரேனும் சொன்னால் அது அபாண்டம்.

அவருடைய வாகனம் பி.எம்.டபிள்யூ. மூன்றாம் வரிசையைச் சேர்ந்தது. அந்த நிறுவனத்தார் 2007ஆம் வருஷம் முதல் நமது செங்கற்பட்டை அடுத்த மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் வண்டிகளைப் பூட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மனி தேசத்தில் கணிதமும் உலோக சாஸ்திரமும் கரைகண்டவர்கள் வருஷக் கணக்கில் யோசித்து, பனியிலும் மணலிலும் ஓட்டிப் பார்த்து நிர்ணயித்த சக்கரத்தை, வண்டி பரனூர் சுங்கச் சாவடியைத் தாண்டுவதற்குள்ளேயே தவறு என்று கண்டுபிடித்துவிடுகிற மேதாவிலாசத்தை என்னென்று புகழ்வது!

சக்கரத்தை அவர் மாற்றட்டும்; அவர் பணம், அவர் வண்டி. எனக்குள்ள வழக்கெல்லாம், மாற்றுவதற்கு முன் அவர் அபிப்பிராயம் கேட்கிறார் என்பதுதான். கைபேசியை என் மூக்கின் நுனிக்கு நேரே நீட்டி, ஒரே சக்கரத்தின் படத்தை இரண்டு முறை காட்டுகிறாரோ என்று நான் ஐயுறும்படியான இரண்டு படங்களைக் காட்டி, “லெஃப்ட்டா ரைட்டா, மாமா?” என்பார். ஒன்று ‘கன்மெட்டல்’ என்றும் மற்றது ‘சாட்டின் கிரே’ என்றும், ஒன்றின் கம்பிகள் நுனியில் சற்றே உட்குழிந்திருப்பதாகவும், அந்தக் குழிவே அதன் ஜீவன் என்றும் பிறகு விளங்கும். இடது பக்கத்ததே நன்று என்றால், “ம்… எல்லாரும் அதத்தான் சொல்றாங்க” என்று, தம்முடைய ரசனை ஊரோடு ஒத்துப்போய்விட்டதே என்ற வியாகூலத்தோடு பெருமூச்சு விடுவார். வலது பக்கத்தைச் சொன்னால், “அதுல பிரேக் தூள் படிஞ்சா கழுவி மாளாது, மாமா” என்பார். இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறதென்று தப்பித்துக்கொள்ளப் பார்த்தால், “நீங்க சரியாப் பாக்கல” என்று படத்தைப் பெரிதாக்கி, ஒரு கம்பியின் கணுவை மட்டும் திரை முழுவதும் நிறுத்திக் காட்டுவார். வண்டியோடு வந்த சக்கரமே போதாதோ என்று ஒரு நாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். துக்க வீட்டில் வட்டிக் கணக்குக் கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, பதிலே சொல்லாமல் எழுந்து போனார்.

இந்த விசாரணைக்குக் காலமும் கிடையாது, இடமும் கிடையாது. கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே கேட்பார். சஷ்டியப்த பூர்த்தியில் தம்பதிகள்மீது கலசத் தீர்த்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது, நனையாத இடமாகப் பார்த்து என்னை ஒதுக்கிக் கேட்பார். எங்கள் திருவிடந்தையில் நித்திய கல்யாணப் பெருமாளைச் சேவிக்க, விவாகமாகாத பிள்ளைகளும் பெண்களும் இரண்டு மாலை வாங்கிச் சாத்தி, ஒன்றைக் கழுத்தில் அணிந்து ஒன்பது முறை பிரதக்ஷிணம் வருகிற பிராகாரத்தில், அவர் கைபேசியைக் கையிலேந்தி வலம் வருவதை நான் கண்டிருக்கிறேன். பட்டாச்சாரியாரையும் விடவில்லை. அந்த மகானுபாவர் படத்தை நிதானமாகப் பார்த்து, “எதுவானா என்ன, நாலும் ஒரே மாதிரி இருந்தாச் சரி” என்று அனுக்கிரகித்தார். நம்மவர் முகம் மலர்ந்தது. ஏனெனில் நாலும் ஒரே மாதிரி இருக்கலாகாது என்பதே அவர் சித்தாந்தம். முன்னிரண்டு சக்கரங்கள் ஒடுக்கமாகவும் பின்னிரண்டு அகலமாகவும் ஏன் இருக்க வேண்டும், உந்துசக்தி பின்சக்கரங்களுக்குப் போகிற வண்டியில் அதன் தாத்பர்யம் என்ன என்பதை அவர் உபந்யசித்து முடித்தபோது நடை சாத்தும் நேரமாகியிருந்தது.

எல்லாருடைய அபிப்பிராயத்திலும் மேலானதைச் சொன்னவர் கோயில் வாசலில் இளநீர் விற்கிறவர். படத்தை ஒரு கண்ணாலும் அரிவாளை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டே, “ஓடும்போது கம்பி எங்க சார் தெரியுது?” என்றார். அன்று மாலை முழுவதும் நம்மவர் மௌனமாயிருந்தார். ஞானம் பிறந்துவிட்டதென்று நான் பெருமாளுக்கு வேண்டிக்கொண்ட துளசி மாலையைச் சாத்தப் போகுமுன், அவர் வேறொன்றைத் தருவித்துவிட்டார்: சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் தான் மட்டும் சுழலாமல், நிறுவனத்தின் முத்திரையை நேராகக் காட்டிக்கொண்டு நிற்கிற நடுமூடி. கம்பி தெரியாவிட்டால் போகிறது, பெயராவது தெரியட்டும் என்பது இளநீர்க்காரருக்கு அவர் அளித்த பதில்.

காலவ ரிஷியின் முந்நூற்றறுபது குமாரத்திகளைத் தினம் ஒருத்தியாகப் பாணிக்கிரகணம் செய்துகொண்ட வராகப் பெருமாள், கடைசி நாளில் அத்தனை பேரையும் அகிலவல்லித் தாயார் என்ற ஒருத்தியாக்கித் தம் இடப்பக்கத்தில் ஏந்திக்கொண்டார் என்று ஸ்தல புராணம் கூறும். தினம் ஒன்றைப் பார்க்கிற முதல் பாகம் நம்மவருக்கு அநாயாசமாக வருகிறது. எல்லாவற்றையும் ஒன்றாக்கி நிறுத்துகிற இரண்டாம் பாகம்தான் கைவரவில்லை.

சரித்திரத்திலும் அவர் பண்டிதர். 1924இல் பிரான்சு தேசத்து லியான் நகரப் பந்தயத்தில் புகாட்டிகாரர் எட்டுக் கம்பி வைத்த வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு வந்தது முதல், ஜப்பானில் 1996இல் பிறந்த டி.இ.37 என்ற ஆறு கம்பிச் சக்கரம் வரை வம்சாவளி சொல்வார். பதினைந்து அங்குல அளவில் அதன் எடை 3.7 கிலோ என்பதால் அந்தப் பெயர் என்பதையும், ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சுகமாக வண்டி பள்ளம் மேட்டை அனுசரித்துப் போகும் என்பதையும் அவர் வாயிலாகவே நான் அறிந்தேன். லியான் பந்தயத்தில் டயர்கள் பிய்ந்து புகாட்டி தோற்றதை மட்டும் அவர் சொல்வதில்லை. ஜப்பான் சரக்கின் விலைக்கு அவர் மனைவியின் சம்மதம் கிடைக்காததால், அதே முகஜாடையுள்ள ஒரு நகலை வாங்கி வந்தார். என் துஷ்ட புத்தி, அதை எங்கள் ஊர் அரிசிக் கடைத் தராசில் ஏற்றச் சொல்லிற்று. கழற்றி வைத்த கம்பெனிச் சக்கரத்தைவிட நகல் கனமாயிருந்தது. தராசுக்கு அரசாங்க முத்திரை போட்டிருக்கிறார்களா என்று அவர் கடைக்காரரை விசாரித்தார்.

ரப்பர்க் கணக்கு இன்னும் விசித்திரமானது. அவர் வண்டியோடு வந்த டயர் 225/45 ஆர் 18. அதாவது, 225 மில்லிமீட்டர் அகலம். அதில் நூற்றுக்கு 45 பங்கு பக்கச் சுவரின் உயரம், சுமார் 101 மில்லிமீட்டர். நடுவில் 18 அங்குல ரிம். ரிம்மைப் பெரிதாக்கினால் மொத்த உயரம் மாறாதிருக்கப் பக்கச் சுவரைக் குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வேகமானி பொய் சொல்லும். 19 அங்குலத்துக்கு 225/40 என்றால் சுவர் 90 மில்லிமீட்டர். 20 அங்குலத்துக்கு 225/35 என்றால் 79. கொடுக்கிற பணம் ஏற ஏற, சாலைப் பள்ளத்துக்கும் மனிதனுடைய முதுகெலும்புக்கும் நடுவேயுள்ள காற்று குறைந்துகொண்டே வருகிறது. இதற்குச் சந்தோஷப்பட்டு இனிப்பு வழங்குகிறவர்களை வேறெந்த வியாபாரத்திலும் நான் கண்டதில்லை.

பூட்டுகிற வைபவம் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கத்தில் ஒரு கடையில் நடந்தது. போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் அளவு, நடுத் துவாரத்தின் விட்டம், ஆஃப்செட் ஆகிய மூன்று பொருத்தமும் பார்க்க வேண்டும். முதலாவது பொருந்தாவிட்டால் சக்கரம் ஏறவே ஏறாது. இரண்டாவது பெரிதாயிருந்தால் வளையம் போட்டுச் சரிக்கட்டலாம். போடாவிட்டால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். மூன்றாவதுதான் வம்பு. அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே பிதுங்கும். கடைப் பையன் குனிந்து பார்த்து, “ஆள் ஏறினா தேய்க்கும் சார்” என்று யதார்த்தமாகச் சொன்னான். “வெளிய வந்தாத்தான் தம்பி கெத்து” என்று நம்மவர் அவனுக்குப் போதித்தார்.

தேய்க்கிறது. ஒருவர் போனால் தேய்க்காது, இருவர் போனால் தேய்க்காது. பின்னால் மூவர் உட்கார்ந்து வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால், பின்சக்கரம் மட்கார்டின் உள்விளிம்பில் ‘கர்’ரென்று உராய்கிறது. அதற்கு அவர் கண்ட பரிகாரம், சக்கரத்தை மாற்றுவதன்று, ஆட்களை இறக்குவது. எங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. வண்டி அதற்கு முன்னால் நிற்கும், பின்னிருக்கையிலுள்ளவர்கள் இறங்குவார்கள், வண்டி குறுக்காக, ஒரு சக்கரத்துக்குப் பின் ஒரு சக்கரமாக, அதைத் தாண்டும், பிறகு எல்லாரும் நடந்து போய் ஏறிக்கொள்வார்கள். குழந்தைகளுக்கு இது வேடிக்கை. ஆனால் சித்திரை மாதத்து உச்சி வெயிலில், இரண்டு முழங்காலும் தேய்ந்து, தடியூன்றி நடக்கிற எழுபத்தெட்டு வயது ஸ்திரீயை, பெற்ற தாயை, “அம்மா, ரெண்டே நிமிஷம், கொஞ்சம் இறங்கிக்கோ” என்று தாரில் இறக்கி விட்டதைத் திண்ணையிலிருந்து நான் பார்த்தேன். இதில் ஹாஸ்யம் ஒன்றுமில்லை. அத்தை வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு சக்கரம்” என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று மாப்பிள்ளையை நான்கு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இங்கே எழுதிவிட்டேன், படித்துக்கொள்ளட்டும்.

அவரை முற்றிலும் வெறுக்கவும் முடியவில்லை. என்னுடைய பழைய மாருதிக்குக் கோவளத்தில் டயர் மாற்றினேன் என்று போனில் சொன்ன பாவத்துக்கு, விடியற்காலையில் சென்னையிலிருந்து புறப்பட்டு வந்து, அளவு பார்த்து முறுக்குகிற டார்க் ஸ்பேனரைத் துணி உறையிலிருந்து எடுத்து, ஒன்றை முறுக்கியபின் அடுத்ததை விட்டு எதிரிலுள்ளதை முறுக்குகிற கிரமப்படி ஒவ்வொரு நட்டையும் சோதித்து, இரண்டு தளர்ந்திருந்ததைச் சரிசெய்துவிட்டு, காப்பிகூடக் குடியாமல் ஆபீசுக்கு ஓடினார். இருட்டு வேளையில் நெம்மேலிப் பக்கம் முன்பின் தெரியாத குடும்பம் ஒன்று டயர் வெடித்து நின்றதைக் கண்டு, வெள்ளைச் சட்டையோடு மண்ணில் படுத்து அவர் ஜாக்கி வைத்ததையும் நான் அறிவேன். அந்தச் சமயத்தில் மட்டும் அவர் யாரையும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

இப்போது நிலைமை இதுதான். 2012இல் நம் நாட்டுக்கு வந்த மாதிரியை விற்றுவிட்டு, 2019இல் வந்த அடுத்த தலைமுறை வண்டியை வாங்கினார். பழைய வண்டிக்கென்று சேகரித்த மூன்று செட், அதாவது பன்னிரண்டு சக்கரங்களை, புதிய வண்டிக்கு மாற்றிக்கொள்வதாகத் திட்டம். ஆனால் நெடுங்காலமாகப் போல்ட் வட்டத்தை 120 மில்லிமீட்டரில் வைத்திருந்த பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார், இந்தத் தலைமுறையில் அதை 112 ஆக்கிவிட்டார்கள். எட்டு மில்லிமீட்டர், ஒரு துவரம் பருப்பின் அகலத்துக்குச் சற்று மேலே. பன்னிரண்டில் ஒன்றுகூட ஏறவில்லை. விற்கவோ மனம் வரவில்லை. தம் வீட்டில் வைக்கவோ அனுமதியில்லை. ஆகையால் அவை ‘தற்காலிகமாக’ என் வீட்டு நெல் அறைக்கு வந்து சேர்ந்தன. நெல் மூட்டைகள் நடைக்கு வந்தன. நடையிலிருந்த என் சாய்வு நாற்காலி வெயிலுக்குப் போயிற்று. அவர் மாதம் ஒரு முறை வந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் துடைத்துப் பார்த்து, பளபளப்புப் பூச்சுக்கு அடியில் உப்பு ஊறி வெள்ளை நூல்போல் அரிப்பு ஓடியிருப்பதை விரலால் தடவிக் காட்டி, “ஜன்னலைத் திறந்து வெச்சீங்களா, மாமா?” என்று, கடலை நான்தான் இவ்வளவு அருகில் கொண்டுவந்து வைத்தேன் என்பதுபோல் கேட்கிறார்.

தை பிறப்பதற்குள் எடுத்துப் போகாவிட்டால் எல்லாவற்றையும் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைக்கு அனுப்பிவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லியாயிற்று. பலன் தெரிந்தது. போன வாரம் டெம்போ ஒன்று வாசலில் வந்து நின்று, “சார் சொல்லி அனுப்பிச்சாரு” என்று ஓட்டுநர் குரல் கொடுத்தார். நான் உற்சாகத்தோடு நெல் அறையின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து வைத்து, எடுத்துப்போகச் சௌகரியமாக முதல் செட்டை நடைக்கு உருட்டியும் விட்டேன். அவர், புது வண்டியோடு வந்த நான்கு சக்கரங்களை இறக்கிப் போக வந்திருந்தார்.