பத்தாவது இடம், புது இன்ஜின், பழைய தலைவலி

2026 ஃபார்முலா 1 சீசன் மார்ச் 8 அன்று மெல்பர்னில் தொடங்குகிறது. சென்ற ஆண்டு பத்து அணிகளில் பத்தாவதாக வந்த அல்பைனைப் பற்றி வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்:

கேள்வி: அல்பைன் இந்த வருடமாவது எழுந்திருக்குமா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பதில்: எழுந்து நிற்கும். ஓடத் தொடங்க இன்னும் ஒரு சீசன் பிடிக்கலாம்.

கேள்வி: 2024-இல் ஆறாவது இடம் பிடித்த அணி, ஒரே வருடத்தில் கடைசிக்கு எப்படிப் போனது?

பதில்: அந்த ஆறாவது இடத்தைத் தந்தது பிரேசில் மழை. சாவ் பாவ்லோவில் கொட்டிய மழையில் எஸ்தபான் ஓகோன் இரண்டாவதாகவும் பியர் காஸ்லி மூன்றாவதாகவும் வந்தார்கள். அன்று ஒரே நாளில் 33 புள்ளிகள். ஒன்பதாவது இடத்தில் கிடந்த அணி ஆறாவதுக்குத் தாவியது. அந்த வருடம் முழுக்க அவர்கள் எடுத்ததே 65 தான். நோய் அப்போதே இருந்தது, புள்ளிப் பட்டியல் அதை மூடிவைத்தது.

2025-இல் அப்படி ஒரு மழை வாய்க்கவில்லை. 24 பந்தயங்களில் 22 புள்ளிகள், அத்தனையும் காஸ்லி எடுத்தவை. ஒன்பதாவதாக வந்த சாபர் அணி 70 எடுத்திருந்தது. சில்வர்ஸ்டோனில் காஸ்லி பிடித்த ஆறாவது இடம்தான் அணியின் ஆகச் சிறந்த முடிவு. முதல் ஆறு பந்தயங்களை ஓட்டிய ஜாக் டூஹனும், அவருக்குப் பதிலாக வந்த ஃபிராங்கோ கொலபின்டோவும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அப்படிப்பட்ட காரை வைத்துக்கொண்டு வருடம் முழுக்கச் சலிக்காமல் போராடிய காஸ்லிக்கு ஒரு பெரிய கைத்தட்டல் பாக்கியிருக்கிறது.

கேள்வி: "2025 போனால் போகட்டும், 2026 காரில் கவனம் செலுத்துகிறோம்" என்றார்களே. உண்மையா, சாக்கா?

பதில்: உண்மைதான். கார் மோசமாக இருந்ததும் உண்மை. 2026-இல் விதிகள் அடியோடு மாறுகின்றன. காரின் அகலமும் எடையும் குறைகின்றன. முந்திச் செல்லப் பின் இறக்கையைத் திறக்கும் டி.ஆர்.எஸ். போய், முன் இறக்கையும் பின் இறக்கையும் ஓட்டத்திலேயே கோணம் மாறப்போகின்றன. மின்மோட்டாரின் சக்தி 120 கிலோவாட்டிலிருந்து 350-க்கு ஏறுகிறது. இப்படி எல்லோரும் வெள்ளைத்தாளில் தொடங்கும் நேரத்தில், தோற்றுக்கொண்டிருக்கும் காருக்குப் பணம் கொட்டுவது வீண். அல்பைன் அதைச் சீக்கிரமே நிறுத்திக்கொண்டது சரியான முடிவு.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2008-இல் ஹோண்டா அணி 14 புள்ளிகளோடு ஒன்பதாவதாக வந்தது. அடுத்த ஆண்டின் புதிய விதிகளுக்கான காரில்தான் அவர்கள் உழைத்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பரில் ஹோண்டா விலகிக்கொள்ள, அணியின் தலைவராக இருந்த ராஸ் பிரான் அதை எடுத்து, மெர்சிடீஸ் இன்ஜினைப் பொருத்தி மெல்பர்னுக்குக் கொண்டுபோனார். முதல் ஏழு பந்தயங்களில் ஆறை ஜென்சன் பட்டன் வென்றார். ஆண்டு இறுதியில் இரண்டு பட்டங்களும் பிரான் அணிக்கே.

அடிமட்ட இடம், புது விதி, அல்பைனும் இந்த ஆண்டு முதல் வாங்கும் மெர்சிடீஸ் இன்ஜின் என்று ஜாதகம் அப்படியே பொருந்துகிறதே என்று ரசிகர்கள் துள்ளலாம். ஆனால் அந்த பிரான் காரில் பெரும்பாலான அணிகள் யோசிக்காத, காரைத் தரையோடு கூடுதலாக அழுத்தும் இரட்டை டிஃப்யூசர் இருந்தது. அல்பைனுக்கு நெருக்கமான உதாரணம் ஹாஸ். 2021 காரை வளர்க்காமலே விட்ட அந்த அணி அந்த வருடம் எடுத்தது பூஜ்யம். 2022-இல் விதி மாறியதும் முதல் பந்தயத்திலேயே கெவின் மாக்னுசன் ஐந்தாவதாக வந்தார். ஆண்டு முடிவில் 37 புள்ளிகள், எட்டாவது இடம். தியாகத்துக்குப் பலன் உண்டு, அது இந்த அளவில்தான் வரும் என்று நம்புவது நல்லது.

கேள்வி: கடைசியாக வந்தவர்களுக்கு ஆறுதல் பரிசு ஏதும் உண்டா?

பதில்: உண்டு, நல்ல பரிசு. காற்றுச் சுரங்கச் சோதனைக்கான நேரத்தில் முதலிடத்து அணிக்கு அடிப்படை அளவின் 70 சதவீதம்தான். பத்தாவது அணிக்கு 115.

கேள்வி: சொந்த இன்ஜினை மூடிவிட்டு மெர்சிடீஸிடம் வாங்குவது கௌரவக் குறைச்சல் இல்லையா?

பதில்: வலிக்கிற விஷயம்தான். 1977-இல் ஃபார்முலா 1-க்கு டர்போவைக் கொண்டுவந்ததே அல்பைனின் தாய் நிறுவனமான ரெனோதான். வில்லியம்ஸும் பெனட்டனும் 90-களில், ரெட் புல் 2010 முதல் 2013 வரை, ரெனோவின் சொந்த அணி 2005, 2006-இல் என 12 அணிப் பட்டங்கள் ரெனோ இன்ஜின்களால் வந்தவை. பாரிஸுக்குத் தெற்கே விரி-ஷாட்டியோனில் அந்த இன்ஜின்களைச் செய்தவர்கள், 2024 செப்டம்பரில் முடிவு அறிவிக்கப்படும் முன்பே போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

ஆனால் 2014-இல் ஹைபிரிட் காலம் பிறந்தது முதல் அந்த இன்ஜின் பின்தங்கியே இருந்தது. மெர்சிடீஸிடம் இன்ஜின் வாங்கி ஓடும் மெக்லாரன்தான் 2024, 2025 இரண்டிலும் அணிப் பட்டம் வென்றது, மெர்சிடீஸையே பின்னுக்குத் தள்ளி. விதிப்படி வாங்குகிறவருக்கும் அதே இன்ஜின், அதே மென்பொருள். பந்தயக் களத்தில் தாமதமாக வருவதுதான் பெரிய கௌரவக் குறைச்சல்.

கேள்வி: அப்படியானால் இனி என்ன தலைவலி?

பதில்: தலைமைதான். ஆறு மாதத்துக்கு ஒரு தலைமை ஆசிரியர் மாறும் பள்ளியில் எந்தப் பாடம் முடியும்? ஓட்மார் சாஃப்னாவர் 2022-இல் வந்து 2023 ஜூலையில், பெல்ஜியம் பந்தய வாரத்திலேயே வெளியேற்றப்பட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அணியின் என்ஸ்டோன் பட்டறையில் இருந்த ஆலன் பெர்மேனும் அதே நாளில் போனார். பிறகு புரூனோ ஃபாமின், பிறகு ஆலிவர் ஓக்ஸ். ஓக்ஸ் 2025 மே மாதம் ராஜினாமா செய்தார். இப்போது கடிவாளம் ஃபிளாவியோ பிரியாட்டோரே கையில். அன்றாட நிர்வாகத்துக்கு ஸ்டீவ் நீல்சன்.

இதே என்ஸ்டோன் பட்டறையில் மைக்கேல் ஷூமாக்கருக்கும் பெர்னாண்டோ அலோன்சோவுக்கும் பட்டம் வாங்கித்தந்தவர் பிரியாட்டோரே. 2008 சிங்கப்பூரில் தன் அணியின் காரைத் திட்டமிட்டு மோதவைத்த விவகாரத்தில் தடை விதிக்கப்பட்டவரும் அவரே. பிரெஞ்சு நீதிமன்றம் பின்னர் அந்தத் தடையை நீக்கியது. அவருடைய திறமையில் ஐயமில்லை. அணிக்கு இப்போது தேவைப்படுவது பொறுமை. நீல்சனை இரண்டு வருடமாவது நிம்மதியாக வேலை செய்ய விட்டால் அதுவே பாதி வெற்றி.

கேள்வி: ஆஸ்கர் பியாஸ்ட்ரியைக் கோட்டைவிட்ட வருத்தம் தீர்ந்திருக்குமா?

பதில்: தீராது. 2022-இல் தங்கள் மாற்று ஓட்டுநராக இருந்தவருடன் ஒப்பந்தத்தைச் சரியாக முடிக்காமல் அவரை மெக்லாரனிடம் இழந்தார்கள். 2025-இல் அவர் 7 பந்தயங்களை வென்றார். அல்பைன் கடைசியாக வென்றது 2021 ஹங்கேரியில்.

கேள்வி: எத்தனையாவது இடம்? துணிந்து ஒரு எண் சொல்லுங்கள்.

பதில்: கேடிலாக் வருவதால் இனி பதினோரு அணிகள். அல்பைனுக்கு ஏழு. எல்லாம் கூடிவந்தால் ஆறு. அதற்குக் கொலபின்டோவும் புள்ளி எடுத்தாக வேண்டும். ஒரு காரை மட்டும் நம்பி எந்த அணியும் நடுவரிசைக்கு வராது.

பந்தயம் பார்க்க உட்காரும்போது அல்பைனை மெக்லாரனோடு ஒப்பிட வேண்டாம், வில்லியம்ஸோடு ஒப்பிடுங்கள். அங்கும் அதே மெர்சிடீஸ் இன்ஜின்தான். சென்ற ஆண்டு அவர்கள் ஐந்தாவது இடம். முதல் நான்கைந்து பந்தயங்களில் இந்த இரு அணிகளுக்கும் இடையிலான நேர வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு வந்தால், அல்பைன் செய்த கார் நல்லதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.